நான்கு நீலக் கட்டில்களும் ஒரு பகல் பாடும்

1974ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்று நாற்பது. வடக்கே ஆந்திரா பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. பழவேற்காடு ஏரியின் மேல் தூறல். வாடைக்காற்று. நான் ஒரு படகின் நடுவில், கம்பி வளைந்த குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். உட்காரும்படி படகிலிருந்த எல்லாரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். உட்கார்ந்தால் வேட்டி நனையும் என்று நின்றேன். நின்றால் ஆளே தண்ணீருக்குள் போய்விடலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை.

நேரம் இவ்வளவு சரியாக ஞாபகம் இருப்பதற்குக் காரணம் என் மனைவி. படகில் ஏறும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பிப் பார்த்து, "பதினொண்ணு நாப்பது. எதுக்கும் ஞாபகம் வச்சிக்கறேன்" என்றாள். கரையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். கணவன் நீச்சல் தெரியாமல் ஏரிக்குள் போகும்போது ஒரு மனைவி சொல்லக்கூடிய வார்த்தையா அது?

நான் கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கும் ஒரு சிறிய ஆலையில் ஸ்டோர் கீப்பர். போல்ட், நட், வாஷர் எண்ணுகிற உத்தியோகம். எண்ணுவது எனக்கு வேலை மட்டுமில்லை, வியாதியும் கூட என்று வீட்டில் சொல்வார்கள். அப்படிப்பட்டவன் இறால் பிடிக்கப் போனதற்குக் காரணம் என் அக்கா.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பொன்னேரி கடைத்தெருவில் அவள் கணவருக்கு, அதாவது எங்கள் மாமாவுக்கு, ஒரு கடை இருந்தது. வலைநூல், கயிறு, மிதப்பு, படகுக்கு அடிக்கிற பெயின்ட் எல்லாம் விற்பார். கடைக்குப் பின்னாலேயே வீடு. ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து வலைநூல் வாங்க வருகிறவர்கள் நூலைக் கடனுக்கு வாங்குவார்கள், சாப்பாட்டை இனாமாகச் சாப்பிடுவார்கள். குப்பத்துப் பெண்கள் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கு வந்தால், அவர்களுக்கும் துணைக்கு வரும் மாமியார்களுக்கும் பாயும் சோறும் அக்கா வீட்டில்தான். "இது ஊடா, சத்திரமா?" என்று மாமா கேட்பார். "சத்திரத்துல உன்ன மாதிரி ஆளை சேக்க மாட்டாங்க" என்பாள் அக்கா.

அந்த வருஷம் ஆவணியில் அக்காவுக்கு மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. மதராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அறுத்து எடுத்தார்கள். பிறகு கரண்ட் வைத்தார்கள். ரேடியேஷனுக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர். உடம்பு தேறட்டும் என்று இடையில் ஊருக்கு அனுப்பினார்கள். டிசம்பர் முதல் வாரம் திரும்பி வந்து மிச்சத்தையும் வைத்துக்கொள்ள வேண்டும், வராவிட்டால் அதுவரை செய்தது அத்தனையும் வீண் என்று டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

எங்கள் வீடுகளில் அந்த வியாதியின் பெயரை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். "அது" என்பார்கள். அக்கா மட்டும் ஊரெல்லாம் கேட்கிற மாதிரி "கேன்சருப்பா" என்பாள். முக்கியமாக ரயிலில். பாசஞ்சர் வண்டியில் உட்கார இடமில்லை என்றால், பெஞ்சு ஓரமாகப் போய் நின்றுகொண்டு, "முடியல தம்பி. கேன்சருப்பா" என்று பெருமூச்சு விடுவாள். தொற்றிக்கொள்ளும் என்று அந்தக் காலத்தில் ஒரு பயம் இருந்தது. பெஞ்சில் பாதி காலியாகும். அவள் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்ப்பாள். "வாடா, உக்காரு. நோவு எனக்கு, சீட்டு ரெண்டு பேருக்கும்."

ஆஸ்பத்திரியில் அவள் இருந்த வார்டில் கட்டில் போதாது. நான்கு பெண்கள் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். அவர்களில் கூடூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாளுக்கும் அக்காவுக்கும் நல்ல சிநேகம். அந்தம்மாள் தெலுங்கில் பேசுவாள், அக்கா தமிழில் பதில் சொல்வாள், இருவரும் சேர்ந்து நர்சைக் கேலி செய்வார்கள். டிஸ்சார்ஜ் ஆகிற அன்று அக்கா நர்சம்மாவிடம், "அடுத்த தபா வர்றப்போ நாலு கட்டில் எடுத்துக்கினு வர்றேன்" என்றாள். நர்சம்மா சிரித்து, "சரிம்மா, கொண்டாங்க" என்றார். வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில் எல்லா நோயாளியும் ஏதாவது சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அக்கா வீட்டில் அறிவித்தாள். "கட்டில் இல்லாம நான் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"அவங்க அதை அப்பவே மறந்திருப்பாங்க" என்றேன்.

"நான் மறக்கலயே. அந்த நர்சம்மா சிரிச்சிது, நான் பார்த்தேன். வெறுங்கையோட போனா இன்னொரு தபா சிரிக்கும்."

நான் ஐந்து காரணங்கள் சொன்னேன். வைத்தியம் வேறு, கட்டில் வேறு என்று தொடங்கி வரிசையாகச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டே வந்து, கடைசியில் கட்டைவிரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற நாலு விரலையும் விரித்தாள். "உன் கணக்கு முடிஞ்சிதா? என் கணக்கு நாலு. நாலு கட்டில்."

மறுநாள் மாமா கும்மிடிப்பூண்டிக்கு வந்து ஆலை வாசலில் எனக்காகக் காத்து நின்றார். மாமா வாயைத் திறந்தால் கேலிதான். அன்று அவர் சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டே, "மச்சான், அவ போவலன்னா..." என்று ஆரம்பித்தார். இருவரும் டீக்கடைக்குப் போய் டீ குடித்தோம். காசு அவர் கொடுத்தார். நிலைமை எவ்வளவு மோசம் என்று அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

கடையில் விலை கேட்டேன். மெத்தையோடு நான்கு கட்டில் என்பது என் சம்பளத்துக்கு எட்டாத தொகை. எங்கள் ஆலை வெல்டரிடம் புலம்பினேன். அவன் கும்மிடிப்பூண்டிக்காரன், மாதா கோயில் தெருவில் வீடு, என்னை நேருக்கு நேர் "வாஷர் சார்" என்று கூப்பிடுகிற ஒரே ஆள். "பைப்பு வாங்கிக் குடு சார். வளைக்கிறதும் ஒட்டறதும் எங்க வேலை. நீ கூட நின்னு எண்ணிக்கினு இரு" என்றான். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்த பிறகு பட்டறையைத் திறந்துவைக்க மேனேஜரும் ஒத்துக்கொண்டார். அப்படிப் பார்த்தாலும் பைப், பட்டை, மெத்தை, இலவம்பஞ்சு எல்லாம் சேர்த்துத் தொள்ளாயிரம் ரூபாய் வேண்டியிருந்தது.

வசூலில் இறங்கினேன். இங்கேதான் குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். சொல்லலாம் என்று உட்கார்ந்தால் குறைதான் முன்னால் வருகிறது. மாமியார் ஐந்து ரூபாய் கொடுத்துவிட்டுத் தெரு முழுக்க அதைச் சொன்னார். என் சித்தப்பா இரண்டு ரூபாய் கொடுத்து ரசீது கேட்டார். பணம் கொடுத்தவர்களைவிட யோசனை கொடுத்தவர்கள் இரண்டு பங்கு இருப்பார்கள். கட்டில் வேண்டாம், பெஞ்சு போதும் என்றார் ஒருவர். ஆலையில் மட்டும் யாரும் ஒன்றும் பேசவில்லை. சம்பள நாளன்று வெல்டர் தன் ஹெல்மெட்டைக் கவிழ்த்து மேஜையில் வைத்தான், வருகிறவன் எல்லாம் அதில் போட்டுவிட்டுப் போனான். எல்லாம் சேர்ந்து நானூற்றுப் பத்து. மீதி நானூற்றுத் தொண்ணூறுக்கு வழியில்லை. டிசம்பர் மட்டும் நடந்து வந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் கடைக்கு நூல் வாங்க வந்த ஒருவர் அக்காவின் பிடிவாதத்தைக் கேட்டு, "நம்ம அண்ணிக்கா? ஊர்ல பேசறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. அதனால் அந்த ஊர்களில் சீட்டுக் குலுக்கி முறை வைத்திருந்தார்கள். இன்றைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை. ஒரு முறைக்குப் பெயர் பாடு. அந்தப் பாடுகளில் ஒன்றை நாலு கட்டிலுக்காகக் கொடுத்துவிடுவது என்று குப்பம் முடிவு செய்தது. தங்கள் சாப்பாட்டில் ஒரு நாளை எடுத்து நீட்டுவது அது. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. எவ்வளவு தேறும் என்றுதான் மனசு கணக்குப் போட்டது.

அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. நான், மாமா, அக்கா, என் மனைவி, வேடிக்கை பார்க்க வெல்டர். ஊர்ப் பெரியவர் வெற்றிலையை அடக்கிக்கொண்டு ஆரம்பித்தார்.

"பாடு குடுக்கறதுல ஒண்ணியும் பேஜாரு இல்ல. யார் பேர்ல குடுக்கறது, அதான் கேள்வி."

"ஆஸ்பத்திரி பேர்லயே குடுங்க" என்றார் மாமா.

"ஆஸ்பத்திரி வந்து வலை இழுக்குமா நைனா?"

"அப்ப என் பேர்ல குடுங்க."

"வலை விக்கிறவனுக்குப் பாடு கிடையாது. நாளைக்குக் கடனுக்குப் பதிலா எங்க பாட்டை எல்லாம் எழுதி வாங்கிக்குவே. எங்க தாத்தா காலத்துலயே உன்ன மாதிரி ஒருத்தன் இருந்தான்."

கூட்டம் சிரித்தது. மாமா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு மீசையைத் தடவினார். பிறகு எல்லாரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

பாடு தலைக்கட்டுக்குத்தான் உண்டு. தலைக்கட்டு என்றால் கல்யாணம் ஆகி, தனிக் குடும்பம் நடத்தி, ஊருக்கு வரி கட்டுகிற ஆண். அந்த ஊரில் ஒரு பையனுக்குக் கல்யாணம் ஆனால் அவனையும் பெண்டாட்டியையும் கோயில் முன்னால் உட்காரவைத்து, மாலை போட்டு, அவன் பெயரைத் தலைக்கட்டில் சேர்ப்பார்கள். நான் வேறு ஊர், வேறு தொழில், வேறு ஜாதி. அதுவரை வெளியாளைச் சேர்த்ததில்லை. பெரியவரே வழியும் சொன்னார்.

"ஒரு நாளைக்குத்தானே. வாய் வார்த்தையா சேத்துக்கறோம். பாடு முடிஞ்சதும் போய்க்கினே இரு."

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் ஸ்டோர் கீப்பர். வாய் வார்த்தையில் ஒரு நட்டுகூட வெளியே விட்டதில்லை. எழுந்து நின்று, "அது சரியா வராதுங்க ஐயா. நாளைக்கு வெளியாளுக்கு எப்படிப் பாடு கொடுத்தீங்கன்னு யாராவது தகராறு பண்ணினா பணம் போயிடும். சேர்க்கிறதானா முறையா சேருங்க" என்றேன்.

பெரியவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "முறையாவா?"

"முறையா."

"நெசமாத்தான் சொல்றியா நைனா?"

"நெசமாத்தான்."

பெண்கள் பக்கத்தில் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இருமுகிறாள், உடம்புக்கு முடியவில்லை போலும் என்று எனக்குக் கவலையாகிவிட்டது. தண்ணீர் கொடுக்கச் சொன்னேன்.

முறையாகச் சேர்வது என்றால் முழுச் சடங்கு. என் மனைவி அந்த வாய்ப்பை விடவில்லை. "ரெண்டாவது கல்யாணம். புதுப்புடவை இல்லாம நான் பக்கத்துல உக்கார மாட்டேன். வேற யாரையாவது பார்த்துக்கங்க" என்றாள். கட்டில் இல்லாமல் போக மாட்டேன் என்று ஒருத்தி, புடவை இல்லாமல் உட்கார மாட்டேன் என்று ஒருத்தி. முப்பத்தெட்டு ரூபாய்க்குப் புடவை எடுத்தேன். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. வயசுக்கு ஒரு ரூபாய் என்று மாமா கணக்குச் சொன்னார்.

பலகையில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். குப்பத்துப் பெண்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். "மாப்ளைக்கு முன்னாடி முடிய காணோமே, பொண்ணு ஊட்ல பார்க்கவே இல்லியா?" என்றது ஒரு குரல். "வெளிச்சத்துக்கு ஆவும்னு புடிச்சிருப்பாங்க" என்றது இன்னொரு குரல். மாப்பிள்ளைத் தோழனாக வெல்டர் பக்கத்தில் நின்று எனக்கு விசிறினான். என் பிள்ளைகள் இரண்டும் எதிரே உட்கார்ந்து அப்பா அம்மா கல்யாணத்தைப் பார்த்தன. பெரியவர் என் பெயரை அம்மனிடம் மூன்று முறை உரக்கச் சொன்னார். ஊருக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டு முறை வரிசையில் வந்து குடித்தவர்களும் உண்டு, நான் பார்த்தேன்.

ராத்திரிப் பாடு தருவதாகச் சொன்னார்கள். தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத நேரத்தில் நான் அதில் கால் வைப்பதில்லை, பகல் பாடுதான் வேண்டும் என்றேன்.

"இறால் ராத்திரியில ஓடற ஜாதி சார்."

"அப்படின்னா ஒரு நாளைக்குப் பகல்ல ஓடச் சொல்லுங்க."

இப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்று நாற்பதுக்கு நான் படகில் நின்றேன். பெரியவரும் அவர் மகன்கள் மூவரும் கூட வந்தார்கள். தூறலைப் பார்த்து நான் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பெரியவர், "மழைய திட்டாத நைனா. தண்ணி கலங்கி இறங்குது பாரு. கலங்கல்ல பகல்லயும் ஓடும். உனக்கு டப்பு குடுக்கத்தான் வருது" என்றார்.

பாடு யாருடையதோ அவன்தான் முதல் கழியைத் தன் கையால் நட வேண்டுமாம். யாரும் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை. நெஞ்சளவு தண்ணீரில் என்னை இறக்கினார்கள். சேற்றில் வலது கால் செருப்பு போயிற்று. அதைத் தேடிக் குனிந்தேன், காற்று குடையைக் கொண்டுபோயிற்று. ஒரு செருப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இடது கால் செருப்பையும் நானே கழற்றி விட்டேன். பெரியவரின் கடைசி மகன், "ஏரியம்மாவுக்கு ஜோடியா போட்டுட்டாரு" என்றான்.

கழி நட்டு வலை கட்டி, தண்ணீர் வடியக் காத்திருந்தோம். முதல் தடவை வலையைத் தூக்கியபோது பாசியும் நண்டும் வந்தன. நீளமாக ஒன்று நெளிந்தது. நான் "பாம்பு!" என்று கத்திப் பெரியவரின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். விலாங்கு. இறால் ஒரு கூடைகூடத் தேறவில்லை. பதினைந்து ரூபாய் பெறுமா என்று மனசு கணக்குப் போட்டது.

கரையைப் பார்த்தேன். கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் மேல், சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். நனையக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். போ என்று கையை ஆட்டினேன். அவளும் பதிலுக்குக் கையை ஆட்டினாள். போக மாட்டாள் என்று தெரியும். இந்த வலை வெறும் வலையாக வந்தால் டிசம்பரிலும் இப்படியேதான் உட்கார்ந்திருப்பாள். அன்று முதல் தடவையாக எனக்குத் தண்ணீர் பயம் போய் வேறு பயம் வந்தது. "இன்னொரு தபா கட்டுங்கய்யா" என்றேன். பெரியவர் என்னைக் கேட்காமலேயே கட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது தடவை வலை கனத்தது. நாலு பேர் இழுத்தும் வரவில்லை. நானும் பிடித்தேன். படகுக்குள் கொட்டியபோது அவை துள்ளிய சத்தம், எங்கள் ஸ்டோரில் நட்டு மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவது போலவே இருந்தது. எண்ண ஆரம்பித்தேன். "எண்ணாத சார், ஓடிடும்" என்றார்கள்.

கரையில் ஏலம். ஐஸ் வண்டியோடு வந்திருந்த வியாபாரி ஒருவர் முந்நூறில் ஆரம்பித்தார். ஆரம்பாக்கத்திலிருந்து வந்த இன்னொருவர் முந்நூற்று ஐம்பது என்றார். நானூறில் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். இன்னும் தொண்ணூறு குறைந்தது. அப்போது அக்கா சாக்கை உதறிவிட்டு எழுந்து வந்தாள். முதல் வியாபாரியின் தோளை ஒட்டி நின்றாள். பெருமூச்சு விட்டாள்.

"முடியல தம்பி. கேன்சருப்பா."

அவர் ஒரு அடி நகர்ந்து நானூற்று ஐம்பது என்றார். அவள் இன்னொருவர் பக்கம் போய் நின்றாள். ஐந்நூறு. மறுபடி இந்தப் பக்கம் வந்தாள். ஐந்நூற்று முப்பதில் ஐஸ் வண்டிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "அம்மா, உக்காருங்க. கட்டிலை ஆஸ்பத்திரிக்கு என் வண்டியிலயே ஏத்திக்கினு போறேன். வாடகை வேணாம்" என்றார். வேண்டியதற்கு மேல் நாற்பது ரூபாய். அந்த நாற்பதை என்ன செய்வது என்று எனக்கு அன்று இரவு தூக்கமில்லை.

இரண்டு சனிக்கிழமைகளில் வெல்டரும் ஆட்களும் கட்டில்களை முடித்தார்கள். பெயின்ட் மாமா கடையிலிருந்து இனாம். வெள்ளை கேட்டேன். "எந்தப் படகுக்கு வெள்ளை அடிக்கறாங்க?" என்றார். படகு நீலம்தான் இருந்தது. குப்பத்திலிருந்து இருவர் வந்து அடித்தார்கள், பழக்கதோஷத்தில் ஓரத்தில் சிவப்புக் கோடும் இழுத்துவிட்டார்கள்.

டிசம்பர் மூன்றாம் தேதி இறால் வாசனையோடு நான்கு நீலக் கட்டில்கள் மதராஸ் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கின. அக்கா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். நர்சம்மா வெளியே வந்து பார்த்தார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்சம்மா சிரிக்கவில்லை. ஒரு கட்டிலின் மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "மீன் வாசனை அடிக்குதே" என்றார். "கழுவிக்கலாம்" என்றாள் அக்கா.

தரையில் இருந்த நான்கு பேரும் கட்டிலுக்குப் போனார்கள். கூடூர் அம்மாள் படுத்துப் பார்த்துவிட்டு ஏதோ தெலுங்கில் சொல்ல, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன்பிறகுதான் அக்கா நின்ற இடத்தைப் பார்த்தேன். அவளுடைய பழைய கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். அவள் தன் பாயை விரித்துத் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உனக்கு?"

"நான் சொன்னது நாலுதானே."

வெல்டர் தலையைச் சொறிந்தான். "எல்லாத்தையும் எண்ணுவியே வாஷர் சார், உங்க அக்காவ எண்ணலியா?"

நான் எண்ணவில்லை. யாருமே எண்ணவில்லை. அடுத்த சனிக்கிழமை ஐந்தாவது கட்டில் தயாரானது. என்னிடம் இருந்த நாற்பதைக் கொடுத்தேன். மிச்சத்தை யார் போட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. என் வாழ்க்கையில் நான் கணக்குக் கேட்காமல் விட்டது அது ஒன்றுதான். அக்கா கரண்ட் முழுவதையும் வைத்துக்கொண்டு பொங்கலுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கு லாபம். அடுத்த ஆடி மாதம் கும்மிடிப்பூண்டியில் என் வீட்டு வாசலில் பெரியவரும் இன்னொருவரும் வந்து நின்றார்கள். மோர் குடித்தார்கள். "ஆடித் திருவிழா வரி. தலைக்கட்டுக்குப் பதினோரு ரூபா" என்றார்கள்.

"நான் ஒரு நாளைக்குத்தானே சேர்ந்தேன்?"

"ஒரு நாளைக்குன்னு நாங்க சொன்னோம். முறையான்னு நீ சொன்னே. அம்மன் காதுல மூணு தபா சொல்லியாச்சு."

"சரி, எடுத்துடுங்க."

"எடுக்கறதுக்கு ரெண்டே வழி நைனா. ஊர விட்டுப் போவணும், இல்ல உலகத்த விட்டுப் போவணும். நீ ஊர்லயே இல்ல. எப்படி விட்டுப் போவே?"

உள்ளேயிருந்து என் மனைவி, "ரெண்டாவது வழிக்கு மணி பார்க்கணும்னா சொல்லுங்க" என்று குரல் கொடுத்தாள்.

அடுத்த வண்டியில் பொன்னேரிக்குப் போய் அக்காவிடம் முறையிட்டேன். அவள் சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள். பிரசவத்துக்கு வந்து தங்குகிற பெண்கள் மூலம் அந்த ஊர்ச் சட்டமெல்லாம் அவளுக்கு அத்துபடி. "அன்னிக்கே சிரிச்சேன்டா. நீ இருமறேன்னு நெனச்சிக்கினு தண்ணி குடுத்தியே."

அன்றிலிருந்து வருஷா வருஷம் வரி. ஊர்க்கூட்டத்துக்கு வராத தலைக்கட்டுக்கு அபராதம், அதுவும் நான்தான். ஊரில் கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் என் பங்கு. ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருஷமும் சீட்டில் என் பெயரும் விழும். என் பாடு வருகிற நாளில் அவர்களே வலை கட்டி, வந்த பணத்தை அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். சில வருஷம் நிறைய, சில வருஷம் வெறும் பாசி. அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. அது என் பணமும் இல்லை.

அக்கா அதற்குப் பிறகு இருபத்துமூன்று வருஷம் இருந்து எங்கள் எல்லாரையும் படுத்தினாள். அறுபத்தேழாவது வயதில், அந்த வியாதியால் இல்லை, தூக்கத்தில் போய்விட்டாள். தகனம் முடிந்து மறுநாள் காலை குப்பத்துக்குச் சொல்லப் போனேன். சேதி எனக்கு முன்பே போயிருந்தது. பெரியவர் அப்போது இல்லை. மூத்த மகன்தான் ஊருக்குப் பெரியவர். ஏரியில் ஒரு வலைகூட இல்லை. தலைக்கட்டு வீட்டில் சாவு என்று சேதி வந்தால் அந்த நாள் ஊர் தொழிலுக்குப் போகாது.

"அவங்க பொன்னேரி ஆச்சே. என் வீட்டுச் சாவு இல்லையேப்பா" என்றேன்.

"கூடப் பொறந்தவ போனா அது உன் ஊட்டு சாவுதான். கணக்கு தெரிஞ்சவன்தானே நீ?" என்றார்.

கரையில் வரிசையாகப் படகுகள் நின்றன. ஒரு நாள் பாடு போனால் இவர்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று பார்க்கப் படகுகளை எண்ண ஆரம்பித்தேன். பாதியில் தவறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கவில்லை.

போன ஆடியிலும் வந்தார்கள். இப்போது பேரன்கள், மோட்டார் சைக்கிளில். வரி ஐந்நூறு ரூபாய் ஆகிவிட்டது. கேட்டால் விலைவாசி என்கிறார்கள். மோர் குடிப்பதில்லை, குளிர்பானம் கேட்கிறார்கள். அதையும் என் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். புடவையைச் சேர்க்கக் கூடாது, அது தனக்குச் சேர வேண்டியதுதான் என்று மனைவி இன்றும் வாதாடுகிறாள். சேர்த்திருக்கிறேன். டீ, குடை, இரண்டு செருப்பும், அதில் இடது கால் செருப்பு நானே விட்டதாக இருந்தாலும், அபராதங்கள், வரிகள் எல்லாம் சேர்த்து, நாலு கட்டிலுக்காக என் கையிலிருந்து போனது இதுவரை பதினாலாயிரத்து முந்நூற்று அறுபத்தொரு ரூபாய் ஐம்பது காசு.